ஓர் ஆள் நடமாட்டம்

காலை ஆறரை மணிக்குத் தொம்மை சுள்ளித்தீவின் மணலில் கால் வைத்து, விதிப்படி இரண்டு முறை இருமினார். இருமல் வராத நாளிலும் இரும வேண்டும். அது பணிவிதி நான்கு. விதி ஐந்து, கரையோரமாகத் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. விதி ஆறு, உட்காருவது. விதி ஏழு, அவ்வப்போது எழுந்திருப்பது. மாலை நான்கு மணி வரை இதுதான் வேலை. மீன் பிடிக்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது, ஒரு பருக்கை சோறு சிந்தக் கூடாது. ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவருடைய அடையாள வில்லையில் 'நடமாட்டர், இரண்டாம் நிலை' என்று பொறித்திருந்தது. முதல் நிலை என்று ஒன்று உண்டா என்பது பத்தொன்பது வருடமாக அவருக்கும் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளும் தெம்பும் இல்லை.

இருமி முடித்ததும் தோளில் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்து, உடைமரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றில் வீசிப் போட்டார். தீவில் நிழல் என்று இருப்பது அந்த ஒரு மரத்தடிதான். நண்டு போல் ஊர்ந்து முள் வெட்டுகிற இயந்திரங்களான நண்டுப்பொறிகள் நான்கும் வெயில் ஏறினால் சூடு தணிய அங்கேதான் வந்து முடங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்பது நாள் அவற்றோடு மல்லுக்கட்டித் தோற்ற மனிதர், ஒருநாள் கடுப்பில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போனார். சுற்றி முடித்து வந்து பார்த்தால் நான்கு பொறியும் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. தமிழ்நாட்டில் செய்த பொறிகள் அல்லவா! துண்டு கிடந்தால் அங்கே ஆள் வருகிறது என்று அர்த்தம், அதை எடுக்கவும் கூடாது, அங்கே உட்காரவும் கூடாது என்பதை யாரோ ஒரு புண்ணியவான் அவற்றின் மூளையிலேயே எழுதி வைத்திருந்தான்.

துண்டு கடற்காற்றில் படபடத்தது. கொஞ்ச நேரத்தில் ஆள்காட்டிக் குருவி ஒன்று எழும்பிக் கத்தத் தொடங்கியது. அது கத்தவே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கரையில் நின்ற தோணி, "ஓர் ஆள். பதிவாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. ஓட்டுநர் இல்லாத அந்தத் தோணிதான் துறையின் வாய், துறையின் காது, துறையின் எழுத்தரும்கூட.

ஆள் நடமாட்டத்துக்கு என்று ஓர் அரசுத் துறையா என்று சிரிக்க வேண்டாம். இது எப்படி வந்தது என்றால், எழுபது வருடத்துக்கு முன் கடற்கரையில் இருந்த ஊர்களை எல்லாம் உள்நாட்டு அடுக்குநகரங்களுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். தீவுகளைப் பூட்டிவிட்டார்கள். மனிதன் தொலைந்தால் பறவை பிழைக்கும் என்பது அன்றைய கணக்கு. முதல் மூன்று வருடம் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆலா என்னும் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து மணலில் முட்டையிட்டன. அறிக்கை எழுதியவர்கள் தங்கள் முதுகில் தாங்களே தட்டிக்கொண்டார்கள்.

நான்காம் வருடம் சனியன் பிடித்தது. சுள்ளி பொறுக்க யாரும் வராததால் சீமைக்கருவேலம் மணலையெல்லாம் மூடியது. ஆலாவுக்கோ வெட்டவெளி மணல் வேண்டும், வெறும் மணலில் ஒரு குழி பறித்து முட்டையிடுகிற சாதி அது. கழுகைத் துரத்தும் காக்கையும் மைனாவும் ஆட்களின் எச்சில் இலை போன பக்கமே போய்விட்டன. ஆட்களின் சத்தத்துக்குப் பயந்து அதுவரை எட்டியே நின்ற கடற்கழுகு ஒன்று, பட்ட பனையில் கூடு கட்டிக்கொண்டு, தினம் ஐந்தாறு ஆலாக் குஞ்சுகளைத் தூக்கிப் போனது. ஏழாம் வருடம் தீவில் ஆலாவே இல்லை. அப்புறம்தான் விஞ்ஞானிகள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தார்கள்: ஆலா மனிதன் இல்லாத இடத்துப் பறவை அல்ல, மனிதனுக்குக் கொஞ்சம் தள்ளி வாழும் பறவை. முள்ளைப் பொறி வெட்டிவிடும். கழுகை விரட்டத்தான் ஆள் வேண்டும். அதுவும் சரியாக ஓர் ஆள். ஒன்றுக்கு மேல் போனால் முட்டை மிதிபடும், ஒன்றுக்குக் கீழே போனால் கழுகு வரும்.

அந்த ஓர் ஆளை அளப்பது பெரும்பாடாகிவிட்டது. உடல் வெப்பத்தை அளந்தார்கள், காலடி அதிர்வை அளந்தார்கள், மூச்சுக்காற்றைக்கூட அளந்தார்கள். எதுவும் பறவைகளின் போக்கோடு ஒத்துவரவில்லை. கடைசியில் துறையில் யாரோ ஒருவர், "அதுக்குன்னே ஒரு குருவி இருக்கேய்யா, பேரே ஆள்காட்டி" என்று சொல்ல, ஒலிவாங்கிகளை ஆள்காட்டிகளின் அருகே புதைத்தார்கள். மணிக்கு நாற்பது கத்தல் என்றால் ஓர் ஆள். வருகைப் பதிவேடும் அதுவே ஆனது. கையெழுத்து இல்லை, ரேகை இல்லை. குருவி கத்தினால் ஆள் வேலைக்கு வந்திருக்கிறார்.

தொம்மைக்கு இந்த வேலை ஒருவகையில் பெருமைதான். ஏனென்றால் வேறு எங்குமே ஆள் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் சாவுக்கும் எல்லாரும் பிம்பமாகத்தான் போனார்கள். வீட்டிலிருந்தபடியே ஒளியுருவை அனுப்பி, தலையை ஆட்டிவிட்டு, அணைத்துவிடுவார்கள். உடம்போடு வா என்று மனிதனைக் கேட்டவை இந்தப் பறவைகள் மட்டும்தான். ஆனால் பத்தொன்பது வருடம் ஒருநாள் விடாமல் கேட்டால் பெருமையும் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். தொம்மைக்கு இப்போது வயது ஐம்பத்து மூன்று, பார்வைக்கு எழுபது.

அவருக்கு வேண்டியதெல்லாம் மூன்று நாள் லீவு.

மகள் எமல்டாவுக்குப் பச்சைமலை அடுக்குநகரில் சனிக்கிழமை கல்யாணம். பிம்பமாக வந்து நின்றால் போதாதா என்று அவர் கேட்டுப் பார்த்தார். எமல்டா அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "கோயில்ல என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்லப்பா. வெளிச்சத்தை எப்படிப்பா பிடிக்கது?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அன்றைக்கே தோணியிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுத்தார்.

விடுப்பு தாராளமாக உண்டு என்றது தோணி. அவர் பெயரில் ஐந்நூற்றுச் சொச்சம் நாள் சேர்ந்திருக்கிறது என்றும் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை, மாற்றாக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைப் பறவைகள் ஏற்க வேண்டும்.

முதலில் துறையே ஒரு மனிதப்பொறியை அனுப்பியது. வேட்டி சட்டை போட்டு, தொம்மையின் குரலிலேயே இருமியது. அரை மணி நேரத்தில் நீர்க்காகம் ஒன்று அதன் தலையில் ஏறி நின்று சிறகை விரித்துக் காயப்போட்டது. அளவு, சுழியம். பிறகு தொம்மையின் மச்சான் பெலவேந்திரன் பெரிய மனது பண்ணி உள்நாட்டிலிருந்து உடம்போடு வந்தார். நல்ல ஆகிருதி, ஊரைக் கூட்டும் குரல். ஒருநாள் முழுக்கத் தோளில் துண்டோடு தொம்மை கரையிலேயே நிற்க, அவர் தீவைச் சுற்றினார், இருமினார், பாட்டுப் பாடினார், கடைசியில் பொறுமை இழந்து குதித்தும் பார்த்தார். ஆள்காட்டிகள் அவர் காலடியில் புழு பொறுக்கின. மாலையில் தோணி, "சுழியம் புள்ளி இரண்டு ஆள்" என்று அறிவித்தது. தன்னை இரண்டணா ஆள் என்று சொல்லிவிட்டதாக மச்சானுக்கு ஒரே ரோஷம். அக்கா வீட்டில் கை நனைக்காமலேயே வண்டி ஏறிவிட்டார்.

தொம்மைக்கு அதில் வருத்தத்தோடு கொஞ்சம் கர்வமும் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேர் வந்தாலும் பறவை மதிப்பது தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டார். நினைத்து என்ன, லீவு கிடைக்கவில்லை. 'தகுதியான மாற்று ஆள் இன்மையால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது' என்று வியாழக்கிழமை காலை ஓலை வந்தது.

அன்று முழுதும் உடைமர நிழலில் குத்தவைத்துக் கடலைப் பார்த்தபடி இருந்தார். மாலையில் தோணி கூப்பிட்டதும் எழுந்து போய் ஏறினார். மறுகரையில் துறைமுனைக்கு அருகே அரசு கொடுத்திருந்த வீட்டுக்கு வந்தபோது மனைவி கித்தேரி பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். அவருடைய வேட்டியும் அதில் இருந்தது.

"நான் வரலைன்னு சொல்லிட்டேனே" என்றார்.

"நீங்க சொன்னீய. நான் கேக்கலை" என்றாள் கித்தேரி. "பத்தொம்பது வருசமா பறவைக்குப் பயந்துக்கிட்டுக் கிடந்தாச்சு. வேலை போனா போவட்டும். பெத்த மகளுக்கு நிக்காத ஆளு என்ன ஆளு?"

மறுநாள் காலை தோணி துறைமுனைக்கு வந்து நின்றபோது ஏற யாரும் இல்லை. யார் ஏறினார், யார் இறங்கினார் என்று பார்ப்பது தோணியின் பணிவிதியில் கிடையாது. நேரம் ஆனதும் அது வெறும் பலகையோடு தீவுக்குப் போய், திரும்பியது.

குழாய்ரயிலில் கால் வைத்ததுமே தொம்மைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெட்டியில் மொத்தம் ஏழு பேர். அறுபது இருக்கை. அறுபதிலும் துண்டு. பயணத்தையே மறந்துவிட்ட ஜனம் இருக்கை பிடிப்பதை மட்டும் மறக்கவில்லை. வீட்டிலிருந்தே சிறு பறவைப்பொறியிடம் துண்டைக் கொடுத்தனுப்பிப் போடச் செய்கிறார்களாம். போட்டுவிட்டு வருவதும் உண்டு, வராமல் போவதும் உண்டு. கித்தேரி விவரமானவள், தன் முந்தானையை விரித்து ஓர் ஓரத்தில் இடம் பிடித்துவிட்டாள். தொம்மை தோளைத் தடவினார். வெறும் தோள். துண்டை உடைமரத்திலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறார்.

"யாரும் வரல, சும்மா உக்காருங்க" என்றாள் கித்தேரி.

"துண்டு கிடக்குல்லா" என்றார். ஐந்து மணி நேரம் நின்றுகொண்டே போனார். பச்சைமலை வரைக்கும் அந்தத் துண்டுகளுக்கு உரியவர் ஒருவரும் வரவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. கோயிலில் முன்வரிசை முழுக்க மாப்பிள்ளை வீட்டுத் துண்டுகள், நடுவில் பிம்பங்கள், கடைசியில் கொஞ்சம் உடம்புகள். வாசலில் எமல்டா கையை நீட்டியதும் தொம்மை பழக்கதோஷத்தில் இரண்டு முறை இருமிவிட்டார். அவள் சிரித்தாள். அந்தக் கையின் சூடு, இறுக்கிப் பிடித்த விரல்கள், இதற்காக நூறு வேலை போகலாம் என்று அவருக்குத் தோன்றியது. பத்தொன்பது வருடத்தில் யாரும் அவரை இப்படித் தொட்டுப் பார்த்து, ஆள் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டதில்லை. புறப்படும்போது எமல்டா, "நாளைக்கு எனக்குப் பேறுகாலம்னு வந்தாலும் இப்படியே வரணும்ப்பா" என்றாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான், எந்த முகத்தோடு லீவு கேட்பது என்ற கவலை வந்தது.

திங்கட்கிழமை காலை, வேலையே இருக்காது என்ற முடிவோடுதான் துறைமுனைக்குப் போனார். வரும்போதும் நின்றே வந்ததில் இரண்டு காலும் வீங்கியிருந்தன. கழுகு புகுந்து எத்தனை குஞ்சைத் தூக்கியதோ என்ற நினைப்பு வேறு.

தோணி என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் இருந்தது. "பணியாளர் தொம்மைக்கு வாழ்த்துகள். கடந்த மூன்று நாள்களும், இரவு பகலாக, ஓர் ஆள் நடமாட்டம் குறையாமல் பதிவாகியுள்ளது. கழுகு அண்டவில்லை. இருபத்தாறு புதிய கூடுகள். தங்கள் பணிக்காலத்தில் இதுவே மிகச் சிறந்த வாரம்."

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வாழ்த்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டிருப்பார்கள். தொம்மைக்கோ அதில் ஒரு வழி தெரிந்தது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"நான் இங்க இல்லவே இல்ல" என்றார். "மக கல்யாணத்துக்குப் போயிட்டேன். நான் இல்லாமலே மூணு நாளு நல்லா ஓடியிருக்குன்னு நீயே சொல்லுத. அப்போ வருசத்துக்கு ஒரு தடவை லீவு குடுத்தா என்ன குறைஞ்சு போவுது?"

தோணி அவரைத் தீவுக்குக் கூட்டிப் போயிற்று. கிளையில் துண்டு படபடத்துக்கொண்டிருந்தது, ஆள்காட்டிகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. துண்டை எடுக்கச் சொன்னது தோணி. எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கத்தல் ஓய்ந்தது. சுற்றி வரச் சொன்னது. சுற்றினார். இருமச் சொன்னது. இருமினார். கையை ஆட்டிக் கூப்பாடு போடச் சொன்னது. அதையும் செய்தார். ஆள்காட்டி ஒன்று தலையைச் சாய்த்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் பெருவிரல் பக்கத்தில் எதையோ கொத்தித் தின்றது.

"சுழியம் புள்ளி ஒன்று" என்றது தோணி. "இப்போது துண்டைப் போடுங்கள்."

போட்டார். குருவிகள் எழும்பிக் கத்தின. "ஓர் ஆள்" என்றது தோணி.

ஆள் பாதி ஆடை பாதி என்பது பழமொழி. இங்கே பத்தில் ஒரு பங்குதான் ஆள், அதிலும் மச்சானுக்குப் பாதி. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாற்பது நாளும் பதிவேட்டில் ஏன் சுழியம் என்றும், நாற்பத்தோராம் நாள் திடீரென்று ஏன் பறவைகள் அவரை 'ஏற்றுக்கொண்டன' என்றும் துறைக்கு அன்றுதான் விளங்கியது. தீங்கு செய்யாத உடம்புக்குப் பயப்படும் வழக்கத்தைப் பறவைகள் எப்போதோ விட்டுவிட்டன. இடம் பிடிக்கிற துணிக்குத்தான் அவை இன்னும் பயந்தன. ஊருக்குள் மனிதர்களும் அதைத்தானே செய்கிறார்கள்?

லீவு விண்ணப்பத்துக்குப் பதினோரு வாரம் எடுத்துக்கொண்ட துறை, இந்த விஷயத்தில் ஒரு மணி நேரத்தில் ஆணை போட்டது. தோணி அதை நிறுத்தி நிதானமாக வாசித்தது.

"சுள்ளித்தீவின் நடமாட்டராக மேற்படித் துண்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய நாளிலிருந்து நியமிக்கப்படுகிறது. திரு. தொம்மையின் கணக்கிலுள்ள விடுப்பு நாள்கள் துண்டின் கணக்குக்கு மாற்றப்படுகின்றன. கிடக்கும் துண்டை நண்டுப்பொறிகள் தொடா என்பதால், அதைத் துவைத்து உலர்த்தி மீண்டும் போடும் உதவியாளராகத் திரு. தொம்மை பணியில் தொடர்வார். உப்பும் காற்றும் பொறுத்தே துவைக்கும் நாள் அமையும் என்பதால் அவர் ஊரை விட்டு நீங்கக் கூடாது."

"அப்போ என் லீவு?" என்றார் தொம்மை.

"அதுவும் பரிசீலிக்கப்பட்டது" என்றது தோணி. "பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியில் இருந்தது துண்டு. ஆகவே அந்தப் பத்தொன்பது ஆண்டுகளும் தாங்கள் விடுப்பில் இருந்ததாகவே கொள்ளப்படும். இனி தங்களுக்கு விடுப்பு இல்லை."

சொல்லிவிட்டு அது போய்விட்டது. மாலை நான்கு மணிக்குத்தான் வரும்.

தொம்மை மணலில் நின்றார். எமல்டாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அழக்கூடத் தெம்பில்லை. ஐந்தடி தள்ளி ஆலாக் குஞ்சு ஒன்று முட்டையோட்டிலிருந்து தலையை நீட்டி, அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் மறுபடி படுத்துக்கொண்டது. மேலே வெகு உயரத்தில் கழுகு ஒரு வட்டமடித்தது, துண்டைப் பார்த்தது, விலகிப் போனது.

வெயில் ஏறிவிட்டது. வீங்கிய கால்கள் விண்விண்ணென்று தெறித்தன. நண்டுப்பொறிகள் முள் வெட்டுவதை நிறுத்திவிட்டு மரத்தைப் பார்த்து வந்தன. நிழலின் விளிம்பு வரை வந்து, துண்டைக் கண்டதும் அப்படியே நின்றன. தொம்மையும் மரத்தை நோக்கி நடந்தார். கிளைக்குக் கையை நீட்டினார். தன் துண்டுதான், கித்தேரி ஓரத்தில் சிவப்பு நூலால் சிலுவைத் தையல் போட்டுக் கொடுத்த அதே துண்டு. ஆனாலும் கை பாதியிலேயே நின்றுவிட்டது. வேறொருவர் பிடித்து வைத்த இடம். ஆள் வந்தாலும் வரும்.

கையை இழுத்துக்கொண்டு, நண்டுப்பொறிகளின் பக்கத்தில் போய் வெயிலில் நின்றார்.